இருபதுக்கும் இல்லை

ஆறாங்கட்டைத் தோட்டத்தில் அகத்தாவுக்குக் ‘கடுகு’ என்று ஒரு பட்டப்பேர் உண்டு. எண்ணெயில் விழுந்த மாத்திரத்தில் வெடிப்பாள் என்பதற்காக வைத்த பேர். வைத்தவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் முப்பத்தாறு வயதுக்குள் அந்த மனுஷியின் தலையில் ஏறிய பாரத்தை ஒரு நாள் அவர்கள் சுமந்து பார்த்திருந்தால், அவள் வெடிக்காமல் இருந்த நேரங்களைத்தான் அதிசயமாகப் பேசியிருப்பார்கள்.

குருணிலிருந்து கிழக்கே ஆறாவது மைல் கல்லில் அந்த ரப்பர் தோட்டம். அகத்தா பிறந்தது அங்கேதான், ஐம்பதாம் வருஷம். அப்பா மோரிஸ் பால்மரம் வெட்டினார். மகள் கையில் உளி ஏறக்கூடாது என்று சுங்கைப்பட்டாணி கான்வென்டில் மூன்றாம் படிவம்வரை படிக்க வைத்தார். அவள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த வருஷமே அவர் போய்விட்டார். அடுத்த வருஷம் அம்மாவும். கையில் மிஞ்சியது பத்து வயதுத் தம்பி, பெர்னார்ட்.

அவனை வளர்த்தாள். பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டு பேரும், தம்பியை எங்கேயாவது ஓரிடத்தில் சேர்த்துவிட்டு வரட்டும் என்று ஒரே பல்லவியைப் பாடினார்கள். குடித்த காப்பி தொண்டையில் இறங்குவதற்குள் அவர்களை வாசலுக்கு வெளியே அனுப்பிவைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

தம்பியும் ஏமாற்றவில்லை. ஐந்தாம் படிவம் தேறினான். குருணில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணியாக, கணக்கெழுதுகிற வேலையில் உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் நீலப் பேனா, வாடகை மோட்டார் சைக்கிள் அல்ல, சொந்தமாகவே ஒன்று. கோயிலில் திருப்பலிக்கு நிற்கும்போது அகத்தா பக்கத்து வரிசையை ஓரக்கண்ணால் பார்ப்பாள். என் பிள்ளையைப் பார்த்தீர்களா என்கிற பார்வை அது.

எண்பத்து நாலாம் வருஷம் ஒரு மத்தியானம் அவன் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றான். தான் மனசில் நினைப்பதை, தன்னோடு வேலை செய்கிறவர்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள் என்றான். பிறகு ஜன்னலுக்கு நாளிதழ் ஒட்டினான். ரேடியோவைப் போர்வையால் மூடினான். மேனேஜருக்கு, பாதிரியாருக்கு, போலீசுக்கு என்று கடிதம் எழுதினான். எங்கிருந்தும் பதில் வரவில்லை. வழியில் யாரோ பிரித்து, நான் எழுதினதை அழிச்சிட்டு வேற எழுதி அனுப்புறாங்க, அக்கா, என்றான். கோபமாகக்கூட இல்லை, சளி பிடித்திருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னான்.

ஊர் சும்மா இருக்குமா? முனியாண்டி அடிச்சிருக்கு என்றார்கள் சிலர். செய்வினை என்றார்கள் சிலர். பக்கத்து வீட்டு அழகம்மா நல்ல மனசுக்காரி. அவளே ஒரு தாயத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அகத்தா ஆஸ்பத்திரியில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தவள். இது டாக்டர் பார்க்க வேண்டிய நோய் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அலோர்ஸ்டார் பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினால் வழியில் குவார் செம்படாக்கில் குதித்து, பத்து மைல் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டான். இரண்டாவது முறை பேச்செடுத்ததற்கே மூன்று நாள் கதவைத் திறக்கவில்லை. ‘எனக்கு மட்டும் ஏன் டாக்டரு? ஊருல எல்லாரையும் கூப்பிடு, நானும் வர்றேன்’ என்றான் கதவுக்கு உள்ளிருந்து.

ஊரில் எல்லாரையும் எந்த டாக்டர் கூப்பிடுவார்? அகத்தா அதை நினைத்து நினைத்து இரண்டு வருஷம் பல்லைக் கடித்தாள். எண்பத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் உண்மையாகவே ஒரு டாக்டர் வந்து, ஊரில் எல்லாரையும் கூப்பிடப் போகிறேன் என்றார்.

அவர் பேர் சதாசிவம். கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்தில் மனநோய்ப் பாடம் நடத்துகிறவர். நல்ல மனுஷர்தான், ஆனால் இஸ்திரி போட்டு எடுத்து வந்தவர் மாதிரி பேசுவார். கையில் ஒரு கட்டுத் தாள். ஒவ்வொரு தாளிலும் இருபது கேள்வி. எதிரே இரண்டு கட்டம், ஆமாம் ஒன்று, இல்லை ஒன்று.

“இது பைத்தியத்தைக் கண்டுபிடிக்கிற தாள் இல்லை” என்று அகத்தாவுக்கு விளக்கினார். “சிலருக்குச் சுபாவமே ஒரு மாதிரி. யார்கூடவும் ஒட்ட மாட்டாங்க. எதுக்கெடுத்தாலும் சந்தேகம். காத்து அடிச்சாக்கூட அது தனக்குச் சொன்ன சேதின்னு நினைப்பாங்க. அவங்கள்ல சிலருக்குப் பின்னால பெரிய நோயா வரலாம். முன்கூட்டியே கண்டுபிடிச்சா நல்லதில்லையா? வெளிநாட்டுல இதுக்குப் பெரிய பெரிய தாள் இருக்கு. நான் சின்னதா ஒண்ணு செஞ்சிருக்கேன். அது சரியா அளக்குதான்னு பார்க்கணும்.”

“எப்படிப் பாப்பீங்க, டாக்டர்?”

“அறுபது பேருக்குத் தாள். பத்துக்கு மேல ஆமாம் சொன்னவங்க எல்லாரையும் நான் நேர்ல பார்த்துப் பேசுவேன். கீழ இருக்கறவங்கள்ல சீட்டுக் குலுக்கி அஞ்சு பேர். யாருக்கு எத்தனைன்னு எனக்குத் தெரியக்கூடாது. பேசி முடிச்சு, என் முடிவை எழுதி உறையில போட்டு ஒட்டின பிறகுதான் தாளைத் திறப்பேன். என் முடிவும் தாளும் ஒத்துப்போனா தாள் நல்ல தாள்.”

அகத்தா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பெர்னார்டுக்குப் பத்து என்ன, இருபதும் வரும். எல்லாரோடும் சேர்ந்து, நம்பர் போட்டு, அவனும் டாக்டர் முன்னால் உட்காருவான். மாதாவே, வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாயே என்று அன்றைக்கு இரண்டு மெழுகுவர்த்தி கொளுத்தினாள்.

கேள்வி வாசித்து, தாளை எண்ணிப் பெட்டியில் வைக்கிற வேலை அவளுக்கு. ஒரே ஒரு சட்டம். அச்சடித்தது அச்சடித்தபடி வாசிக்க வேண்டும், ஒரு சொல் கூட்டக் கூடாது, அர்த்தம் சொல்லக் கூடாது. முதல் நாளே அந்தச் சட்டம் அவள் உயிரை வாங்கியது.

முதலில் வந்து உட்கார்ந்தவன் இருளப்பன், மரம் வெட்டுகிறவன். வாரம் தவறாமல் குருணுக்குப் போய் நாலு நம்பர் லாட்டரி எழுதுகிறவன்.

“உங்களைச் சுற்றி நடக்கும் சாதாரண நிகழ்ச்சிகளில் உங்களுக்கென்று தனியாக ஒரு குறிப்பு இருப்பதாக உணர்ந்ததுண்டா?” என்று வாசித்தாள்.

“இல்லாம பின்ன?” என்றான் இருளப்பன். “போன மாசம் சடக்குல ஒரு காடி மரத்துல மோதிச்சில்ல? அது நம்பர எழுதினேன். ஆறுதல் பரிசு வுழுந்துச்சி. உடும்பு குறுக்க போனா ஒரு நம்பர், கெழவி செத்தா ஒரு நம்பர். எல்லாம் கடவுள் காட்டுறதுதான், அகத்தாக்கா.”

“ஆமாமா, இல்லையா? ஒண்ணு சொல்லு.”

“ஆமா லா! நாலு தடவ ஆமான்னு போட்டுக்குங்க.”

அடுத்து அழகம்மா. தனியாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாத யாரோ பக்கத்தில் இருப்பதாக உணர்ந்ததுண்டா? “விடியக்காலம் இருட்டுல மரத்துக்கு நடுவுல நிக்கிறவளப் பாத்து இது ஒரு கேள்வியா? முனி இல்லன்னா புலி, ரெண்டுல ஒண்ணு இருக்கத்தானே செய்யும்!” மற்றவர்கள் உங்களைப் பற்றிப் பேசிக்கொள்வதாக நினைக்கிறீர்களா? “நெனைக்கிறதென்ன, பலகைச் சுவருதானே, காதால கேக்குறேன். நேத்துகூட ராக்காயி என் மருமகளப் பத்திப் பேசினா.” இறந்தவர்களின் குரலைக் கேட்டதுண்டா? அழகம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வருஷா வருஷம் படையல் போடுற அன்னிக்கு எங்கப்பா வந்து பேசுவாரு. என் மேலதான் வருவாரு.”

இருபதுக்குப் பதினேழு ஆமாம். அழகம்மாவா பைத்தியம்? தோட்டத்திலேயே தெளிவான தலை அவளுடையது. துரை வீட்டுச் சமையல்காரனோடு சண்டை வந்தால்கூடச் சமாதானத்துக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

போதாக்குறைக்கு வேறொரு பழக்கம் வந்து குறுக்கே நின்றது. சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டவர் யார் வந்து என்ன கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிவிடுவது மூன்று தலைமுறையாகத் தோட்டத்தில் ஊறின பாடம். இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி வரும். ஆமாம் என்றால் அதோடு போய்விடுவார்கள். யாரோடும் நெருங்கிப் பழக மாட்டீர்களா என்று கேட்டதற்கு, எட்டுப் பிள்ளையோடும் பதினாறு கொழுந்தன் கொழுந்தியாளோடும் குடித்தனம் பண்ணுகிற ராக்காயி, “ஆமாங்க” என்று கும்பிட்டாள். அகத்தாவுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் டாக்டரிடம் போனாள்.

“டாக்டர், இந்தத் தாள் சரியில்ல.”

“என்ன சரியில்லை?”

“நம்பர் எழுதுறவன், சாமி கும்புடுறவ, பலகை வீட்டுல இருக்கறவ, எல்லாருக்கும் ஆமான்னுதான் வருது. நான் கொஞ்சம் வெளக்கிச் சொன்னா சரியா பதில் வரும்.”

“விளக்கினா அது உங்க கேள்வி ஆயிடும். என் கேள்வி இல்லை” என்றார் அவர். “தாள் தப்புன்னா அது தப்புன்னு சோதனையே காட்டட்டும். அதுக்குத்தானே சோதனை? நீங்க நடுவுல சரி பண்ணினா, கெட்ட தாள் நல்ல தாள் மாதிரி தெரியும். நாளைக்கு அதை நம்பி யாருக்காவது மாத்திரை கொடுப்பாங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. தப்பு என்று தெரிந்த வழியில் அறுபது பேரையும் நடத்திக்கொண்டு போய், கடைசியில் தப்பு என்று எழுதிவைப்பதற்குப் பேர் படிப்பாம். சரி, தொலையட்டும். யாருக்கு எத்தனை வந்தால் அவளுக்கென்ன? பெர்னார்டுக்கு வர வேண்டியது வந்தால் போதும்.

நாற்பத்தி மூன்றாம் நம்பர் அவனுடையது. எக்ஸ்ரே லாரி வந்தபோது எல்லாருக்கும் சீட்டுக் கொடுத்த மாதிரி அவனுக்கும் சீட்டு. “எல்லாருக்குந்தானா?” என்று இரண்டு முறை கேட்டான். ராக்காயிக்குக்கூடவா என்று கேட்டான். பிறகு சட்டை மாற்றிக்கொண்டு, நீலப் பேனாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். வீட்டை விட்டு அவன் வெளியே வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்து வந்ததைப் பார்த்து அகத்தாவுக்கு அழுகை வந்துவிட்டது.

படிக்கத் தெரிந்தவன் என்பதால் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. தாளை மூக்குக்கு அருகில் பிடித்து ஒவ்வொரு கேள்வியாகப் படித்தான். முக்கால் மணி நேரம். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மெல்லச் சிரித்தான்.

“கேள்வியெல்லாம் எப்படிக் கேட்டிருக்காங்க பாத்தியா, அக்கா? யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. நான் மாட்டுவேனா?”

இருபதுக்கும் இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கோணாமல் ஒரு நீலக் குறி. தன்னைப் பற்றி யாரும் பேசுவதில்லை, யார் மேலும் சந்தேகமில்லை, குரல் எதுவும் கேட்பதில்லை, நண்பர்கள் நிறைய. தோட்டத்தில் அறுபது பேரில் அவனுக்குத்தான் மனசு பளிங்கு மாதிரி என்று அந்தத் தாள் சொன்னது.

அகத்தா அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரைத் திட்டுவது? டாக்டரையா, கேள்வியையா, அச்சடித்தவனையா? நம்பர் எழுதுகிற இருளப்பனைப் பிடித்துக் கொடுத்த வலையில், இவன் மட்டும் நழுவிப் போய்விட்டான். பிடிபட வேண்டியவன் பிடிபடுவோம் என்று தெரிந்து ஒளிந்துகொள்ள மாட்டானா? ஒளிந்துகொள்வதுதானே அவன் நோயே! இதை யோசிக்காமலா இத்தனை படித்தார்கள்?

அறுபது தாளும் சேர்ந்தபோது நாற்பது பேர் பத்துக்கு மேல். டாக்டர் அந்தக் கணக்கைக் கேட்டு இன்னொரு தடவை எண்ணச் சொன்னார். கீழே நின்ற இருபது பேருக்கு அகத்தாவையே தன் கண்ணில் படாமல் சீட்டு எழுதி, ஒரு பால் டின்னில் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொன்னார். அவள் மனசுக்குள் அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு ஐந்து முறை கைவிட்டாள். ஏழு, பதினெட்டு, ஐம்பத்திரண்டு, முப்பது, பதினொன்று. நாற்பத்தி மூன்று வரவில்லை.

“டாக்டர்” என்றாள். “கீழ வந்தவங்கள்ல ஒருத்தன் எனக்குத் தெரிஞ்சவன். அவனுக்கு நெசமா நோய். ரெண்டு வருஷமா. அவன மட்டும் கூப்புட்டுப் பேசுங்க. அஞ்சு நிமிஷம் போதும்.”

“யாராவது சொல்லி ஒருத்தரைச் சேர்த்தா சோதனை கெட்டுப்போகும், அகத்தா. முடியட்டும். அப்புறம் அவரை அலோர்ஸ்டார் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. நான் கடிதம் தர்றேன்.”

“அவன் வரமாட்டான், டாக்டர்.”

“அப்போ நான் என்ன செய்ய முடியும்?” என்றார். கோபமில்லாமல் கேட்டார். உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே இரண்டும் அவரே. அவன் தன் தம்பி என்று அகத்தா சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அவள் வாங்கிவைத்த அறுபது தாள் மேலும் அவருக்குச் சந்தேகம் வரும், பட்டியலே மாறும் என்று பயந்து விழுங்கிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம், ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பான டிரெசர் வடிவேலு சாப்பிடப் போன நேரம். அகத்தா மருந்து மேஜையில் ஒரு புதுத் தாளை விரித்தாள். நாற்பத்தி மூன்று என்று எழுதினாள். ஒவ்வொரு கேள்வியாகப் படித்தாள். மற்றவர்கள் உங்கள் எண்ணங்களை அறிந்துகொள்வதாக உணர்ந்ததுண்டா? ஆமாம், எண்பத்து நாலிலிருந்து. யார் மேலும் நம்பிக்கை வைப்பது கடினமாக இருக்கிறதா? ஆமாம், என்னைத் தவிர. ஒன்றுகூட அவள் கூட்டிப் போடவில்லை. அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த பதினாறுக்கு ஆமாம், தெரியாத நாலுக்கு இல்லை. பொய் எழுதினவன் அவன், நான் எழுதுவது சத்தியம் என்று சொல்லிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கறுப்புப் பேனா இரண்டு இடத்தில் மை கொட்டியது. பழைய தாளைக் கிழித்து ஊசி கொதிக்க வைக்கிற அடுப்பில் போட்டாள். கூப்பிட வேண்டியவர்கள் பட்டியலில் நாற்பத்தி மூன்றையும் செருகினாள்.

டாக்டர் பேசுவதற்குப் பழைய பிரசவ அறையைக் கொடுத்திருந்தார்கள். மூன்று நாள் என்று ஏற்பாடு. இரண்டாம் நாள் காலை பசியாறிவிட்டுப் பெர்னார்ட் வந்தான். அக்காவும் உள்ளே இருந்தால்தான் உட்காருவேன் என்றான். டாக்டர் சரி என்றார். அகத்தா சுவரோரமாக, தாள் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அரை மணி நேரம் அவன் பேசின பேச்சை என்ன சொல்ல! படித்த பையன், மரியாதை தெரிந்த பையன். வேலை ஏன் விட்டாய் என்றால், சம்பளம் போதவில்லை டாக்டர். வீட்டிலேயே இருக்கிறாயே என்றால், மேற்கொண்டு படிக்க முயற்சி பண்ணுகிறேன் டாக்டர். ஜன்னலுக்குப் பேப்பர் எதற்கு என்று கேட்க அவருக்குத் தெரியாது, கேட்கச் சொல்ல இவளுக்கு அனுமதியில்லை. அகத்தா உட்கார்ந்த இடத்தில் வெந்துபோனாள். டாக்டர் தன் முடிவை எழுதினார். இரண்டு சொல்தான், அவள் தூரத்திலிருந்தே படித்துவிட்டாள். நோய் இல்லை. உறையில் போட்டு ஒட்டினார். தாளும் தவறவிட்டது, டாக்டரும் தவறவிட்டார்.

பிறகு அவர் தாளை வாங்கிப் பார்த்தார். புருவம் ஏறியது.

“பெர்னார்ட், பதினாறு கேள்விக்கு ஆமாம்னு போட்டிருக்கீங்க. இப்ப என்கிட்ட அப்படி ஒண்ணுமே சொல்லலையே?”

“நான் போடல” என்றான் பெர்னார்ட்.

“இது உங்க தாள்தானே? நாப்பத்தி மூணு?”

“நம்பர் என்னோடது. குறி என்னோடது இல்ல. நான் நீலப் பேனாவுல போட்டேன். இருபதுக்கும் இல்லைன்னு போட்டேன்.” அவன் குரல் தணிந்தது. “யாரோ மாத்திட்டாங்க, டாக்டர். எப்பவும் இப்படித்தான். நான் எழுதுறத எடுத்துட்டு வேற எழுதி வச்சிருவாங்க. கடுதாசிலயும் இதுதான் செஞ்சாங்க.”

டாக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பேனா மூடியைத் திறந்தார். எப்போதிலிருந்து மாற்றுகிறார்கள், யார் மாற்றுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வேக வேகமாக எழுதினார். அகத்தாவுக்குப் புரிந்தது. இரண்டு வருஷமாக அவள் கேட்டது நடந்துகொண்டிருந்தது. டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். அவள் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டு இருப்பது மட்டும்தான். பிறந்ததிலிருந்து அவளால் முடியாத அந்த ஒரு காரியம்.

பெர்னார்ட் அவள் பக்கம் திரும்பினான்.

“அக்கா, நீ சொல்லு. நீதானே என்கிட்டேருந்து தாள வாங்கின? நீ பாத்தியில்ல? இல்லைன்னுதானே போட்டேன்? இவரு என்னைப் பைத்தியம்னு நெனைக்கிறாரு, அக்கா. சொல்லு.”

இல்லடா தம்பி, நீ ஆமான்னுதான் போட்ட என்று சொன்னால் போதும். டாக்டர் நம்புவார். தம்பிகூட ஒருவேளை நம்பிவிடுவான். தன் கை போட்டதைத் தன் கண்ணே தப்பாகப் பார்த்தது என்று நம்பிவிடுவான். அவனிடம் மிச்சம் இருக்கிற கொஞ்சம் புத்தியையும் அவளே பிடுங்கி எறிந்தது மாதிரி ஆகும். அகத்தா எழுந்து நின்றாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் இல்லைன்னுதான் போட்டான், டாக்டர். இருபதுக்கும். நான்தான் மாத்தினேன். அவன் என் தம்பி. நீங்க அவனப் பாக்கணும்னுதான் மாத்தினேன்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு முகம் சிவந்துபோனது. “ஒரு தாளை மாத்தின கையிலதான் அறுபது தாளும் இருந்திச்சு” என்றார் கடைசியில். “இந்தத் தோட்டத்துக் கணக்கு எதுவும் இனிமே எனக்கு உதவாது. தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்” என்றாள்.

பெர்னார்ட் கத்தவில்லை. எழுந்து ஓடவில்லை. அவள் பயந்த எதையும் செய்யவில்லை. அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதுதான் அவளை அறுத்தது.

“பாத்தீங்களா, டாக்டர்? மாத்துறாங்கன்னு ரெண்டு வருஷமா சொல்றேன். ஒருத்தரும் நம்பல. இப்ப நீங்களே காதால கேட்டீங்க. மாத்துறாங்க. அப்போ மத்ததும் நெசந்தானே?” நாற்காலியை மேஜைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டான். “உக்காருங்க. எல்லாத்தையும் சொல்றேன். இவங்கள வெளிய போகச் சொல்லுங்க.”

இவங்கள. பத்து வயதிலிருந்து அக்கா, அக்கா என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை. அகத்தா பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே பெஞ்சில் இருளப்பனும் அழகம்மாவும் ராக்காயியும், தாள் பிடித்துக்கொடுத்த இன்னும் நாலைந்து பேரும் முறைக்குக் காத்திருந்தார்கள். என்னாச்சு, அகத்தா, ஏன் மொகம் இப்படி என்று அழகம்மா கேட்டாள். அகத்தா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். உள்ளே அவன் பேசுவது கேட்டது, நிறுத்தாமல். டாக்டர் குறுக்கே பேசவேயில்லை. ஒன்றரை மணி நேரம்.

வெளியே வந்தபோது பெர்னார்டின் கையில் ஒரு சீட்டும் மாத்திரைப் பொட்டலமும் இருந்தன. அக்கா முன்னால் நிற்காமல் நேரே அழகம்மாவிடம் போனான்.

“அழகம்மாக்கா, டாக்டர் நல்லவரு. தூக்கம் வர்றதுக்கும், சத்தம் கொறையறதுக்கும் மருந்து குடுத்திருக்காரு. சாப்புடுறேன்னு சொல்லியிருக்கேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நீங்க குடுங்க. இவங்க கையால வேணாம். மாத்திருவாங்க.”

அழகம்மா திகைத்துப் போய் அகத்தாவைப் பார்த்தாள். அகத்தா தலையை ஆட்டினாள், வாங்கிக்கொள் என்று.

டாக்டர் சதாசிவம் அன்று மாலையே மீதிப் பேரைப் பார்க்காமல் தாள் கட்டோடு கிளம்பினார். போகும்போது, மாதா மாதம் மருந்து இங்கேயே வந்து சேர ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். சொன்னபடி செய்தார். அகத்தாவின் வேலையையும் அவர் கெடுக்கவில்லை, துரையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தாள் பிறகு என்ன ஆனது என்று அவளுக்குத் தெரியாது. யான் என்கிற ஊர்ப் பக்கம் நெல் வயல்களில் அதே தாளோடு வேறு யாரோ சுற்றுவதாக ஒரு பேச்சு வந்தது. நாசமாய்ப் போகட்டும் என்றாள்.

பெர்னார்ட் மருந்தைச் சாப்பிட்டான். காலையில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அழகம்மா, “இந்தா, தண்ணி குடி” என்பது கேட்கும். ஆறு மாதத்தில் ஜன்னல் பேப்பரைக் கிழித்தான். ஒரு வருஷத்தில் குருணில் ஒரு சாமான் கடையில் கணக்குப் பார்க்கப் போனான். நேரே பார்த்துப் பேசும் அளவுக்கு அக்காவிடம் மட்டும் வரவில்லை. அவள் ஆக்கின சோறு வேண்டாம், அவள் துவைத்த சட்டை வேண்டாம். கேட்டால் மரியாதையாக, “வேணாங்க” என்பான். போங்க வாங்க என்று அவன் பேசப் பேச, நீ எழுந்து நடமாடுவதே என்னால்தானடா என்று கத்த வேண்டும் போலிருக்கும். கத்தினதும் உண்டு. அவன் எழுந்து அழகம்மா வீட்டுக்குப் போய்விடுவான்.

மாதம் பிறந்தால் அலோர்ஸ்டாரிலிருந்து மருந்து டப்பா வரும். தோட்டத்துக்கு வருகிற மாத்திரையெல்லாம் எண்ணிப் பொட்டலம் கட்டுவது அகத்தாவின் வேலை. முதல் டப்பா வந்த அன்று அதைத் திறக்காமல் வடிவேலு மேஜையில் கொண்டுபோய் வைத்தாள்.

“இத மட்டும் நீங்க மடிச்சி அழகம்மாகிட்ட குடுத்துடுங்க, ஐயா.”

வடிவேலு கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “எனக்கு ஏம்மா இந்த சூசா, வீண் தொந்தரவு? ஊரு மருந்து பூரா நீ கட்டுற. இதையும் கட்டு. ஒன் கை பட்டுச்சுன்னு அவனுக்கு எப்படித் தெரியப் போவுது?”

“தெரியாது” என்றாள் அகத்தா. “அதனாலதான் உங்கள மடிக்கச் சொல்றேன்.”

வடிவேலு முணுமுணுத்துக்கொண்டே டப்பாவைத் திறந்தார். அவள் அவர் முன்னாலேயே நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர் எண்ணி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.